ஜப்பான் பெண்கள் மல்யுத்த மேட்சுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

டபிள்யூடபிள்யூஇ-யில் அசுகா, இயோ ஸ்கை, காய்ரி சேன் ஆகியோரைப் பார்த்துப் பிடித்துப்போய், இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடிக்கொண்டு ஜப்பான் மேட்சுகளுக்குள் நுழைகிறவர்கள் பலர். நாலைந்து மேட்ச் பார்த்ததும் எழுதவேண்டும் என்று கை பரபரக்கும். எழுதி முடித்துப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “இவர் டிராப்கிக் அடித்தார், அவர் சூப்ளெக்ஸ் போட்டார், கடைசியில் மூன்சால்ட், செம மேட்ச், ஐந்துக்கு நாலரை.” மேட்சைப் பார்த்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பார்க்காதவருக்கு எதுவுமே புரியாது.

முடிவு முன்னாலேயே தீர்மானிக்கப்பட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் விமர்சகர் விடை தேடவேண்டிய கேள்விகள் இரண்டுதான். இந்த இருவருக்கு நடுவே பணயமாக இருந்தது என்ன? அதை நம்மை நம்பவைக்க மேட்ச் என்ன செய்தது? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விகளுக்காகத்தான்.

முழு மேட்ச்தானா என்று பாருங்கள்

இது சின்ன வேலை, ஆனால் முதல் வேலை. 1968ல் தொடங்கி 2005ல் மூடப்பட்ட ஆல் ஜப்பான் விமன்ஸ், ரசிகர்கள் சுருக்கமாகச் சொல்லும் ‘ஜென்ஜோ’, தன் மேட்சுகளை ஃபுஜி டிவியில் ஒளிபரப்பியது. டிவிக்காக வெட்டிய பிரதிகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இருபது நிமிட மேட்ச் பன்னிரண்டு நிமிடமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு “நடுப்பகுதி அவசரமாக ஓடுகிறது” என்று எழுதினால், கத்தரிக்கோல் போட்டவரைத்தான் விமர்சிக்கிறோம். கேஜ்மேட்ச் தளத்தில் பெரும்பாலான மேட்சுகளின் அதிகாரப்பூர்வ நேரம் இருக்கும். உங்களிடம் உள்ள வீடியோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேதி, அரங்கம், நேர வரம்பு, பெல்ட் மேட்சா இல்லையா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

நேர வரம்பு முக்கியம். இன்றைய பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஸ்டார்டமில் பெல்ட் மேட்சுக்கு 30 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிப்பாளர் நேரத்தைச் சொல்வார். அந்தக் குரலும் கதையின் ஒரு பகுதி. 1995 மே 7 அன்று மனாமி டொயோடாவும் கியோகோ இனோவேயும் 60 நிமிடம் மோதி டிரா ஆனார்கள். அந்த மேட்சின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு ‘பின்’னும் (எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணவைக்கும் முயற்சி) ஏன் அவ்வளவு தவிப்போடு போடப்படுகிறது என்பது கடிகாரத்தை மனதில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

பின்னணி

இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். மேட்ச் ஓடுவது 15 நிமிடம், பின்னணி படிக்க ஒரு மணி நேரமா என்று தோன்றலாம். படித்தவரின் விமர்சனமும் படிக்காதவரின் விமர்சனமும் முதல் பத்தியிலேயே தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

முதலில், யார் யாருக்கு மூத்தவர்? ஜப்பான் மல்யுத்தத்தில் அறிமுகமான ஆண்டு வரிசை சாதாரண விஷயமில்லை. புதியவர்கள் பயிற்சிக்கூடத்தில் மூத்தோருக்குக் கீழே வளர்கிறார்கள். ரிங்கிலும் டிராப்கிக், பாடி ஸ்லாம் என்று சில அடிப்படை மூவ்களோடுதான் தொடங்குவார்கள், பாஸ்டன் கிராப் பிடியில் சிக்கித் தோற்பார்கள். அப்படிப்பட்ட ஓர் இளையவர் மூத்தவரின் கன்னத்தில் அறைந்தால் அது வெறும் அறை அல்ல. அந்தப் பிடியிலிருந்து ஊர்ந்துபோய்க் கயிற்றைத் தொட்டுவிட்டால், தோற்றாலும் அவருக்கு அது பெரிய நாள். வரிசை தெரியாமல் பார்த்தால் “ஒருதலைப்பட்சமான சாதாரண மேட்ச்” என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

அடுத்தது பெல்ட். ஸ்டார்டமில் சிவப்பு பெல்ட் என்றால் வேர்ல்ட் ஆஃப் ஸ்டார்டம், உச்சப் பட்டம். வெள்ளை பெல்ட் என்றால் வொண்டர் ஆஃப் ஸ்டார்டம். தனிப்பட்ட பகை, பாசம், ஏக்கம் இவற்றைச் சுற்றிய கதைகள் வெள்ளை பெல்ட்டைச் சுற்றி அதிகம் பின்னப்பட்டிருக்கின்றன. 2021 மார்ச் 3 அன்று நிப்போன் புடோக்கானில் ஜூலியாவும் டாம் நகானோவும் வெள்ளை பெல்ட்டுக்காகவும் தலைமுடிக்காகவும் மோதினார்கள். ஜூலியா தோற்று, மொட்டை அடித்துக்கொண்டார். அந்த மேட்சை மூவ் கணக்கில் மட்டும் பார்ப்பது அநியாயம்.

மூன்றாவது, காலம். ஜென்ஜோவில் 25 வயதானால் ஓய்வு என்பது எழுதாத சட்டமாக இருந்தது. சிகுசா நாகாயோவும் லயனஸ் அசுகாவும் (டபிள்யூடபிள்யூஇ அசுகா வேறு) சேர்ந்த கிரஷ் கேர்ள்ஸ் 1980களில் நாட்டையே கலக்கியபோது அரங்கம் நிறையப் பள்ளிச் சிறுமிகள்தான். 1985 ஆகஸ்ட் 28 அன்று ஒசாகாவில் டம்ப் மட்சுமோட்டோவிடம் தோற்று நாகாயோவின் தலை மழிக்கப்பட்டபோது அந்தச் சிறுமிகள் கதறி அழுதார்கள். வீடியோவில் அந்த அழுகை தெளிவாகக் கேட்கும். என் பார்வையில், அந்த மேட்சின் மிகப் பெரிய சாதனை அந்தச் சத்தம்தான். 1990களில் கூட்டம் மாறியது, ஆண் ரசிகர்கள் பெருகினார்கள். நிறுவனங்களுக்கு இடையேயான மோதல்கள் தொடங்கின. மேட்சின் வேகமும் கடுமையும் கூடின. ஒரு காலத்தின் அளவுகோலை இன்னொரு காலத்தின் தலையில் வைக்கக்கூடாது.

மேட்சுக்கு முந்தைய பேட்டிகளும் மைக்கில் பேசியவையும் ஜப்பானிய மொழியில் இருக்கும். யாராவது மொழிபெயர்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஊகித்து எழுதவேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினாலே போதும்.

முதல் முறை: பேனாவை மூடி வையுங்கள்

முதல் தடவை ரசிகராகப் பாருங்கள். நிறுத்தாமல், பின்னால் ஓட்டாமல். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் கவனம் போனது என்று முடிந்ததும் நாலு வரி எழுதிவையுங்கள். இந்த நாலு வரிதான் பிறகு உங்கள் விமர்சனத்துக்கு முதுகெலும்பு. இரண்டாம் முறை பார்க்கும்போது அறிவு உள்ளே வந்துவிடும், முதல் பரபரப்பு திரும்ப வராது.

இரண்டாம் முறை: குறிப்பெடுப்பது

இப்போது நேரத்தோடு குறிப்பெடுங்கள். எல்லா மூவையும் எழுதவேண்டாம். திருப்பங்களை மட்டும் எழுதுங்கள்.

தொடக்கத்தில் யார் முதலில் அடித்தார், கைகுலுக்கலை யார் மறுத்தார், பெயர் அறிவிக்கும்போது காகித நாடாக்கள் யாருக்கு அதிகம் பறந்து வந்தன என்று பாருங்கள். மணி அடிக்கும் முன்பே மேட்ச் தொடங்கிவிடுகிறதா? அப்படியானால் பகை பழையது.

நடுப்பகுதியில் வலியைக் கவனியுங்கள். ‘செல்லிங்’ என்று ரசிகர்கள் சொல்வது, வாங்கிய அடியை உடம்பில் காட்டுவது. ஐந்தாவது நிமிடத்தில் ஒருவரின் முழங்காலைக் குறிவைத்துத் தாக்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் அதே ஆள் கயிற்றின்மேல் ஏறும்போது அந்தக் கால் நினைவிருக்கிறதா? பின் போடும்போது பாலம் போல வளையும் இடத்தில் கால் நடுங்குகிறதா? ஜோஷி, அதாவது ஜப்பான் பெண்கள் மல்யுத்த மேட்சுகளில் வளைந்து நிற்கும் சூப்ளெக்ஸ் பின்கள் அதிகம் என்பதால் கால், கழுத்து, இடுப்பு அடிகளுக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. பாலம் நொறுங்கி, மூன்று எண்ணுவதற்குள் பின் கைநழுவினால் அது நல்ல எழுத்துக்கு விஷயம். அடியை மறந்துவிட்டு ஓடினால் அதையும் எழுதுங்கள். ஆனால் 1990களின் ஜென்ஜோ பாணியில் வேகம்தான் உயிர். டொயோடா அடிவாங்கிய மறுநொடி எழுந்து ஓடுவதை நூறு பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. நிற்கவே தெரியாத ஒருத்தியின் பிடிவாதம் என்று பார்த்தால் அவர் மேட்சுகளே வேறு மாதிரி திறக்கும். நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், ஆனால் ஏன் என்று எழுதுங்கள்.

அப்புறம் கடைசி ஐந்து நிமிடம். இரண்டே முக்கால் எண்ணிக்கையில் தப்பிக்கும் தருணங்கள் இங்கே குவியும். அவற்றை எண்ணுவதைவிட, எது நிஜமாகவே முடிவு என்று உங்களை நம்பவைத்தது என்று பாருங்கள். அந்த வீராங்கனை வழக்கமாக எந்த மூவில் ஜெயிப்பார் என்று தெரிந்திருந்தால்தான் இதைச் சொல்லமுடியும். அஜா காங்கின் உராக்கென், அகிரா ஹொக்குடோவின் நார்தர்ன் லைட்ஸ் பாம், டொயோடாவின் ஜாப்பனீஸ் ஓஷன் சைக்ளோன் சூப்ளெக்ஸ் போன்றவை அடிக்கடி தப்பிக்கவிடாத முடிவுகள். அவற்றிலிருந்து ஒருவர் தப்பித்தால் அது செய்தி. எல்லா மேட்சிலும் எல்லாரும் எல்லாவற்றிலிருந்தும் தப்பித்தால் அது வீக்கம், அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கூட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கொரோனா காலத்தில் ஜப்பான் அரங்குகளில் குரல் எழுப்பத் தடை இருந்தது, கைத்தட்டல் மட்டும்தான். மேலே சொன்ன புடோக்கான் மேட்ச் அந்தக் காலத்தைச் சேர்ந்தது. “கூட்டம் ஒட்டவே இல்லை” என்று அந்த ஆண்டுகளின் மேட்சுகளைப் பற்றி எழுதுவது தவறு. கைத்தட்டலின் வேகம் எங்கே மாறுகிறது என்று கேளுங்கள். கொராக்குவென் ஹால் மாதிரி ஆயிரத்துச் சொச்சம் பேர் உட்காரும் இடத்தில் அது நன்றாகவே கேட்கும்.

ஒரு மேட்சை எடுத்துச் செய்து பார்ப்போம்

1993 ஏப்ரல் 2, யோகோஹாமா அரீனா. அகிரா ஹொக்குடோ, ஷினோபு காண்டோரி. இந்தத் துறையில் எழுதவரும் யாரும் தவிர்க்கமுடியாத மேட்ச் இது.

பின்னணி: ஹொக்குடோ ஜென்ஜோவின் ஆள். 1987ல் ஒரு மேட்சின் நடுவே கழுத்து முறிந்தும், தலையைத் தன் கைகளாலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு மேட்சை முடித்தவர். காண்டோரி எதிர் நிறுவனமான எல்எல்பிடபிள்யூவைச் சேர்ந்தவர். 1984 உலக ஜூடோ சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றவர். ஒருவர் வலியைத் தாங்கிப் பேரெடுத்தவர், இன்னொருவர் நிஜமாகவே கையை முறிக்கத் தெரிந்தவர். இந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் பாதி விமர்சனம் எழுதியாகிவிட்டது.

குறிப்பில் என்னென்ன வரும்? ஆரம்பத்திலேயே காண்டோரி கையைப் பூட்டுகிறார், ஹொக்குடோவின் தோள் போகிறது. பிறகு ஹொக்குடோவின் நெற்றியில் ரத்தம், முகம் முழுக்கப் பரவுகிறது. அரை மணி நேரம் நீள்கிறது. கடைசியில் அழகான மூவ்கள் எல்லாம் தீர்ந்து இருவரும் கையை வீசி முகத்தில் குத்திக்கொண்டு விழுகிறார்கள். ஹொக்குடோ பின் போட்டு ஜெயிக்கிறார்.

இதை விமர்சனமாக்கினால் இப்படி வரலாம்:

“காண்டோரிக்கு இந்த மேட்ச் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முடிந்திருக்கவேண்டும். ஜூடோக்காரியின் கையில் தோள் மாட்டியபிறகு வேறு என்ன இருக்கிறது? முடியாமல் இழுத்தது ஹொக்குடோவின் முரட்டுத்தனம். அவரைவிடத் திறமையான ஆளிடம் சிக்கியிருக்கிறார் என்பதை அவர் உடம்பு ஒவ்வொரு நிமிடமும் ஒத்துக்கொள்கிறது, முகம் ஒத்துக்கொள்ள மறுக்கிறது. நேரம் போகப்போகப் பிடிகளும் பூட்டுகளும் குறைந்து, கடைசியில் மிஞ்சுவது குத்து மட்டும். அதாவது காண்டோரியின் சண்டையாகத் தொடங்கியது ஹொக்குடோவின் சண்டையாக மாறிவிட்டது. ஜெயித்ததன் காரணம் அதுதான்.”

கவனியுங்கள், இதில் மூவ் பெயர் ஒன்றுகூட இல்லை. தேவைப்பட்டால் சேர்க்கலாம். இருவர் யார், எது மாறியது, முடிவு ஏன் சரி என்று மூன்றும் வந்துவிட்டன. பாராட்டு வார்த்தை எதுவும் போடாமலே மேட்ச் பெரியது என்று வாசகருக்குத் தெரிகிறது.

எல்லா நிறுவனத்துக்கும் ஒரே தராசு கிடையாது

2011 ஜனவரியில் முதல் நிகழ்ச்சி நடத்திய ஸ்டார்டம் இன்று பெரிய அரங்குகளில் வேகமான, பளபளப்பான மேட்சுகளைத் தருகிறது. அங்கே அணிகளின் கூட்டும் பிரிவும் மேட்சை ஆளும். டோக்கியோ ஜோஷி புரோவில் பாட்டும் சிரிப்பும் கலந்திருக்கும். நகைச்சுவை மேட்சைப் பார்த்து “அடி வலுவாக இல்லை” என்று எழுதுவதில் பொருளில்லை, சிரிப்பு வந்ததா என்று எழுதுங்கள். ஆனால் அதே நிறுவனத்தில் மியு யமஷிடா உதைக்கிற மேட்ச் வந்தால் தராசை மாற்றவேண்டும்.

சென்டாய் கேர்ள்ஸ் இன்னொரு உலகம். நாகாயோ தொடங்கிய கயா ஜப்பானின் முதல் நிகழ்ச்சியில், 1995 ஏப்ரலில், 15 வயதில் அறிமுகமானவர் மெய்கோ சட்டோமுரா. பின்னர் சென்டாய் கேர்ள்ஸை உருவாக்கி வளர்த்து, 2025 ஏப்ரல் 29ல் ஓய்வு பெற்றார். அங்கே அடி கனமாக விழும், அலங்காரம் குறைவு. மார்பில் விழும் ஓர் உதையின் சத்தம் போதும்.

எமி சகுராவின் சோகோபுரோ 2020ல் தொடங்கியது. ரிங்கே கிடையாது. டோக்கியோ இச்சிகாயாவில் ஒரு சின்ன அறை, தரையில் பாய், ஜன்னல் விளிம்பில் ஏறிக் குதிப்பார்கள். யூடியூபில் இலவசம். இதற்கு விமர்சனம் எழுதினால், இருக்கிற இடத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

எழுதும்போது

முதல் பத்தியில் பின்னணியைக் கொட்டிவிடாதீர்கள். இந்த மேட்சுக்கு எது தேவையோ அது மட்டும், இரண்டு மூன்று வாக்கியம் போதும். முடிவை முன்னாலேயே சொல்லப்போகிறீர்களா என்பதைத் தலைப்புக்குக் கீழேயே தெரிவித்துவிடுங்கள், பார்க்கக் காத்திருப்பவர்கள் நன்றி சொல்வார்கள். நிமிட வரிசையில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. மேட்ச் திரும்பிய இடத்திலிருந்து தொடங்கி முன்னும் பின்னும் போகலாம். பின், சப்மிஷன், ஹீல், டேக் டீம் போன்ற சொற்கள் வாசகருக்குத் தெரியும், வலிந்து தமிழாக்கினால் புரியாது. அரிதான மூவ் என்றால் பெயரோடு ஒரு வரியில் அது எப்படி விழுகிறது என்று எழுதுங்கள். வீராங்கனைகளின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் கடைசிவரை வைத்திருங்கள்.

குறை சொல்லும்போது இடத்தைச் சுட்டுங்கள். “நடுவில் தொய்வு” என்றால் எந்த நிமிடம், எதனால்?

நட்சத்திரம் போடுவதா?

மல்யுத்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் அமெரிக்காவில் நட்சத்திரக் கணக்கைப் பரப்பினார். 1990களின் ஜோஷி மேட்சுகள் பலவற்றுக்கு ஐந்து கொடுத்தவர். 2021 ஜூன் 12 அன்று சிவப்பு பெல்ட்டுக்காக உடாமி ஹயாஷிஷிடாவும் ஷூரியும் மோதி, ஒருமுறை முடிவில்லாமல் நின்று, மறுபடி தொடங்கி, அப்போதும் யாரும் ஜெயிக்காமல் முடிந்த மேட்சுக்கு ஐந்தையும் தாண்டி ஐந்தரை கொடுத்தார். அந்த எண்ணால் பல பேர் அந்த மேட்சைத் தேடிப் பார்த்தார்கள், நல்லதுதான். ஆனால் புதிதாக எழுதுகிறவர் முதல் சில மாதங்களுக்கு எண் போடாமல் எழுதிப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எண் இருந்தால் வாசகர் அதைத்தான் பார்ப்பார், நாமும் அதற்குத் தக்கபடி பத்தியை வளைத்துவிடுவோம். எண் போட்டே ஆகவேண்டும் என்றால் கடைசியில் போடுங்கள், உங்கள் சொந்த வரிசையில் இதற்கு மேலே எது, கீழே எது என்று சொல்லுங்கள்.

ரிங்கில் நிற்பவர் மனிதர்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்டார்டம் வீராங்கனை ஹனா கிமுரா, ஒரு ரியாலிட்டி தொடரில் தோன்றியதற்காக இணையத்தில் வசைகளால் தாக்கப்பட்டு, 2020 மே 23 அன்று 22 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைத் தொடர்ந்த விவாதத்தால் ஜப்பானில் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனை 2022ல் ஓராண்டு சிறை வரை கடுமையாக்கப்பட்டது. மேட்சைக் கடுமையாக விமர்சிக்கலாம். உடல் எடை, முகம், சொந்த வாழ்க்கை ஆகியவற்றைத் தொடவே கூடாது. ஹீல், அதாவது வில்லன் வேடம் போடுபவரை அவர் வேடத்துக்காகத் திட்டும் வரிகளை அவர் கணக்குக்கு டேக் செய்து அனுப்புவது விமர்சனம் அல்ல.

காயங்களைப் பற்றியும் அப்படியே. 2015 பிப்ரவரி 22 அன்று கொராக்குவென் ஹாலில் யோஷிகோவும் ஆக்ட் யாசுகாவாவும் மோதியபோது அடி நிஜமாகிப்போனது. ஆக்ட்டின் முக எலும்புகள் முறிந்தன, மேட்ச் நிறுத்தப்பட்டது. இதைத் “தத்ரூபம்” என்று புகழ்ந்தவர்களும் உண்டு. எதிராளியின் உடம்பைப் பாதுகாத்துக்கொண்டே சண்டையாகக் காட்டுவதுதான் இந்தக் கலையின் சிரமம். பாதுகாப்பு உடைந்த இடத்தில் மதிப்பிட எந்தத் திறமையும் மிஞ்சுவதில்லை. யாராவது அசையாமல் கிடந்தால் அது கதையா காயமா என்று தெரியும்வரை பதிவிடுவதைத் தள்ளிவையுங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்

கதையை எழுதிப் பழக 1992 ஆகஸ்ட் 15ல் டொயோடாவும் டோஷியோ யமடாவும் முடியைப் பணயம் வைத்து மோதிய மேட்ச். இருவரும் டேக் டீம் ஜோடி. யமடா தோற்றபோது, ஜெயித்த டொயோடாவே அவர் முடியை வெட்டவிடாமல் தடுக்கப் போராடினார். மணி அடித்தபிறகு நடப்பதற்கு உங்கள் விமர்சனத்தில் எவ்வளவு இடம் கொடுப்பது என்று இதில் முடிவெடுத்துப் பாருங்கள். உடம்பையும் உயரத்தையும் எழுதிப் பழக 1990 நவம்பர் 14ன் கூண்டு மேட்ச், புல் நகானோவும் அஜா காங்கும். புல் நகானோ கூண்டின் உச்சியிலிருந்து காலை நீட்டிக்கொண்டு விழும் அந்த ஒரு மூவ் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுங்கள், அதுவரை வந்த வழியை முதலில் எழுதுங்கள். இன்றைய மேட்ச் வேண்டுமென்றால் 2025 ஏப்ரல் 27, யோகோஹாமா அரீனா, தோற்பவர் ஓய்வு பெறவேண்டும் என்ற நிபந்தனையோடு சாயா கமிடானியும் டாம் நகானோவும். டாம் நகானோ தோற்று விடைபெற்றார். 2021ன் புடோக்கான் மேட்சை அதற்கு முன்னால் பார்த்துவிட்டு வந்தால், நகானோவைப் பற்றி எழுத உங்களிடம் நிறைய இருக்கும்.